ஏழு மாதங்கள் கழிந்தும் நீங்காத தவிப்பு

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்துக்கு அருகில், தந்தையின் ரப்பர் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் 29 வயது இளைஞர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆறு ஆண்டுகள் வளைகுடா நாட்டில் வேலை பார்த்தபோது, எட்டுப் பேர் தங்கிய அறையில், அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில், போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு ஆபாசப் படம் பார்க்கத் தொடங்கிய பழக்கம் இரவுக்கு இரண்டு மூன்று மணி நேரமாக வளர்ந்துவிட்டது. ஊர் திரும்பிய பின் மனம் வெறுத்து நிறுத்தினார். நிறுத்தி ஏழு மாதங்கள் ஆகின்றன. இடையில் இரண்டு முறை தவறியிருக்கிறார். முதல் சில வாரங்களில் இருந்த பதற்றமும் படபடப்பும் அடங்கிவிட்டன. ஆனால் உறக்கமின்மை, எரிச்சல், எதிலும் ஒட்டாத மனம், ஆசை அற்றுப்போன உடம்பு ஆகியவை அப்படியே இருக்கின்றன; நடுநடுவே பழைய காட்சிகள் தாமாகவே வந்து போகின்றன. வீட்டில் பெண் பார்க்கிறார்கள். "என் நரம்பு கெட்டுப்போய்விட்டதா? இது வித்டிராயல்தானா? இன்னும் எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்?" என்பது அவருடைய கேள்வி.

தம்பி, மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்கள் நிலைமையில் அதுதான் ஆபத்தானது. இனிக் காத்திருக்க வேண்டாம். ஏழாம் மாதத்திலும் ஒருவருக்கு உறக்கம் வரவில்லை, மனம் எழவில்லை என்றால், அதை நிறுத்தியதன் பின்விளைவு என்று கணக்கில் எழுதிக்கொண்டு நாள் எண்ணுவது தவறு. பழக்கம் எதை மூடி வைத்திருந்ததோ அது இப்போது வெளியே தெரிகிறது என்று எடுத்துக்கொண்டு, அதற்கென்று தனியாக மருத்துவம் பார்க்க வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாகர்கோவிலில் மனநல ஆலோசனை செய்துவரும் எனக்கு இந்த விஷயத்தில் உறுதியான கருத்து உண்டு. அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

விலகல் அறிகுறி (நீங்கள் சொல்லும் வித்டிராயல்) என்பது மது போன்ற போதைப் பொருள்களை நிறுத்தும்போது உடம்பு படும் பாட்டைக் குறிக்கும் சொல். ஆண்டுக்கணக்கில் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களுக்குள் கை நடுங்கும், வியர்க்கும், சிலருக்கு வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆபாசப் படத்தை நிறுத்துவதால் அவ்வகை உடல் ஆபத்து எதுவும் நேர்வதில்லை. மது, அபின் வகைப் பொருள்களை விட்டவர்களுக்கு மாதக்கணக்கில் நீளும் சோர்வையும் உறக்கக் குறைவையும் 'நீடித்த விலகல்' என்று சிகிச்சை வட்டாரத்தில் சொல்வது உண்டு. ஆனால் மதுவுக்கேகூட அது நோய்ப்பட்டியலில் தனி நோயாக ஏற்கப்படவில்லை. அந்தப் பெயரைத்தான் இப்போது செல்போன் பழக்கத்துக்கும் ஒட்டவைக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய்ப்பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் 'கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தை' என்று ஒரு நோய் இருக்கிறது. ஆனால் அது போதை நோய்களின் வரிசையில் வைக்கப்படவில்லை, உந்துதலை அடக்க முடியாத நோய்களின் வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது.

அதற்காக நீங்கள் பட்ட தவிப்பு கற்பனை என்று நான் சொல்லவில்லை. இந்த நோய் உள்ளவர்களைக் கேட்டால், நிறுத்தியதும் பாலியல் எண்ணங்களை அடக்க முடியாமல் போனது, எரிச்சல் கூடியது, உறக்கம் கெட்டது என்று சொல்கிறார்கள். ஆய்வுகளிலும் அது பதிவாகியிருக்கிறது. வழக்கமாகப் பார்க்கும் கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினரை 7 நாட்கள் நிறுத்தச் சொல்லி, நிறுத்தாதவர்களோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2023இல் வெளியானது. பொதுவாகப் பார்த்தால் இரு சாராருக்கும் விலகல் அறிகுறிகளில் வேறுபாடு தெரியவில்லை. இவை இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தவிப்பு எல்லோருக்கும் வருவதில்லை, பழக்கம் ஆழமாக இறங்கியவர்களுக்கு வருகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு முதல் சில வாரங்களில் அது கடுமையாக இருந்து, பிறகு தணிகிறது. உங்களுக்கும் அப்படித்தான் தணிந்திருக்கிறது. படபடப்பு போய்விட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மிச்சம் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் உறக்கம், ஏனென்றால் மற்றவற்றில் பாதி அதற்குள் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். வளைகுடாவில் உங்களுக்கு அந்தப் படங்கள் ஆசைக்கு மட்டும் பயன்படவில்லை. பன்னிரண்டு மணி நேர வேலை முடிந்து, பக்கத்துக் கட்டிலில் ஒருவர் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருக்க, கீழ்க்கட்டிலில் ஒருவர் குறட்டை விட, உங்கள் மூளைக்கு அதுதான் உறக்க மருந்தாக இருந்தது. உச்சம் அடைந்த பின் உடம்பு தளர்ந்து கண் சொக்கும். ஆறு ஆண்டுகள் அந்தச் சொக்கலில்தான் உறங்கியிருக்கிறீர்கள். தானாக உறங்கும் வித்தையை உடம்பு அந்த ஆறு ஆண்டுகளில் பழகவே இல்லை. இப்போது மருந்தை எடுத்துவிட்டீர்கள், வேறொன்றும் அதன் இடத்தில் வைக்கவில்லை. பத்து மணிக்குப் படுத்து, ஒரு மணி வரை புரண்டு, நான்கு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்குப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டிப் பார்த்தால் மூன்று மணி நேர உறக்கம். அதோடு ஏழு மாதம் ஓட்டியவருக்கு எரிச்சல் வராவிட்டால்தான் வியப்பு.

ஆசை இல்லாமல் போனதற்கும் இதில் பங்கு உண்டு. நலமான இளைஞர்களை ஒரு வார காலம் இரவுக்கு 5 மணி நேரம் மட்டும் உறங்கவிட்டு அளந்த ஆய்வு 2011இல் வந்தது. பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் அளவு 10 முதல் 15 சதவீதம் வரை குறைந்திருந்தது. நீங்கள் அதிலும் குறைவாக, அதுவும் மாதக்கணக்கில் உறங்குகிறீர்கள்.

இதற்கு மாத்திரையைவிடப் பழக்கமே முதல் மருந்து. எழும் நேரம் நான்கு மணி என்பது உங்கள் தொழில் வகுத்தது, அதை மாற்ற வேண்டாம். வெட்டு இல்லாத நாளிலும் அதே நேரத்துக்கு எழுங்கள். கண் சொக்காமல் படுக்கைக்குப் போகாதீர்கள். படுத்து இருபது நிமிடம் ஆனதுபோல் தோன்றியும் உறக்கம் வராவிட்டால், கடிகாரத்தைப் பார்க்காமல் எழுந்து வந்து வராந்தாவில் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். மீண்டும் சொக்கும்போது போய்ப் படுங்கள். முதல் வாரம் இது இன்னும் மோசமாகத் தெரியும், இரண்டாம் மூன்றாம் வாரத்தில் பிடிபடும். காலை வெட்டு முடிந்து, பால் எடுத்து, ஷீட் அடித்த பிறகு மதியம் இரண்டு மணி நேரம் தூங்குவது நம் பக்கத்துத் தோட்டக்காரர்கள் பலரின் வழக்கம். அதை அரை மணிக்குக் குறையுங்கள், அதுவும் மூன்று மணிக்கு முன்னால். மதியத்துக்குப் பிறகு கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) வேண்டாம். தூக்கக் கலக்கம் மிகுதியாக இருக்கும் நாளில் வண்டி ஓட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள். செல்போனை இரவில் அடுக்களையில் சார்ஜில் போட்டுவிட்டு, எழுப்ப ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். பூட்டுப்போடும் செயலிகள் பலவற்றை முயன்றதாக எழுதியிருக்கிறீர்கள். பூட்டியவரே சாவியையும் வைத்திருக்கும் பூட்டு அது, அடுக்களைக்கும் படுக்கைக்கும் இடையே உள்ள பத்தடி தூரம் அதைவிட நன்றாக வேலை செய்கிறது.

அடுத்தது, தாமாக வந்து போகும் காட்சிகள். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொன்ன கதை நம் எல்லோருக்கும் தெரியும். 1987இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் இதையே வெள்ளைக் கரடியை வைத்துச் செய்து பார்த்தார். நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்களால் அந்த நினைப்பைத் தடுக்க முடியவில்லை, பிறகு நினைக்கலாம் என்று விட்டபோது அவர்களுக்குத்தான் அது மேலும் பெருகியது. நீங்கள் ஏழு மாதமாகக் குரங்கை விரட்டிக்கொண்டிருக்கிறீர்கள். காட்சி வந்தால் 'வந்துவிட்டது' என்று மனத்துக்குள் பெயர் சொல்லிவிட்டு, கையில் இருக்கும் வேலையைத் தொடருங்கள். அதோடு வாதம் செய்யாதீர்கள், அதன் பின்னாலும் போகாதீர்கள். வந்ததே தோல்வி என்று எண்ணுவதுதான் அதற்குத் தீனி.

அது ஏன் சில இடங்களில் மட்டும் வேகமாக வருகிறது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஒரு பழக்கம் விடுபடும்போது மூளையில் பழைய தொடர்பு அழிந்துவிடுவதில்லை; அதன் மேல் புதிய பழக்கம் ஒன்று படிகிறது. நாய்களை வைத்துச் செய்த சோதனைகளில் பாவ்லோவே இதைக் கண்டார்: மணி அடித்தும் உணவு தராமல் எச்சில் ஊறுவதை நிறுத்திவிட்டாலும், சிறிது காலம் கழித்து மணி அடித்தால் எச்சில் மீண்டும் ஊறியது. நீங்கள் தவறிய இரண்டு முறையும் மழை நாட்கள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழை கொட்டினால் வெட்டு இல்லை, பகலிலும் அறை இருண்டிருக்கும், உடம்பு போர்வையைத் தேடும், கையில் வேலை இல்லை. வளைகுடா அறையின் இருட்டும் போர்வையும் அப்படியே திரும்பி வந்துவிட்டன. ஏழாம் மாதத்தில் திடீரென்று வரும் வேகத்தை நோய் திரும்பியதாக எடுத்துக்கொள்ளாமல், பழைய மணி எங்கோ அடித்தது என்று எடுத்துக்கொண்டு, அந்த மணி எது என்று தேடுங்கள். மாசி, பங்குனியில் இலை உதிர்ந்து தளிர்க்கும்போது வெட்டை நிறுத்தி மரத்துக்கு ஓய்வு விடுவீர்கள் அல்லவா, அந்த வாரங்களுக்கும் மழை நாட்களுக்கும் சேர்த்து இப்போதே ஒரு வேலையைக் குறித்து வையுங்கள். வீட்டுக்கு வெளியே, ஆட்களோடு இருக்கும் வேலையாக இருந்தால் நல்லது.

வேகம் வந்துவிட்ட நேரத்தில் என்ன செய்வது? என்னிடம் வந்த கடற்கரை ஊர்க்காரர் ஒருவருக்கு இதை விளக்க நான் அரைமணி நேரம் சிரமப்பட்டேன். கடைசியில் அவரே சொன்னார்: வள்ளம் இறக்கும்போது பெரிய அலைகள் வரிசையாக வந்தால் நாங்கள் மோத மாட்டோம் டாக்டர், முகப்பை நேராகப் பிடித்துக்கொண்டு நிற்போம், வரிசை ஓய்ந்ததும் தண்டு போடுவோம். (நான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவர் கேட்பதில்லை.) போதை மருத்துவத்தில் ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் கற்றுத்தந்த முறையும் இதுவேதான். வேகம் ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு இறங்கும். நீங்கள் தீனி போடாவிட்டால் அது பெரும்பாலும் அரைமணிக்குள் இறங்கிவிடும். அந்நேரம் உடம்பில் எங்கே இறுக்கம் தெரிகிறது, மூச்சு எப்படி ஓடுகிறது என்பதை மட்டும் கவனித்தபடி, எழுந்து வெளிச்சத்துக்கு வந்து நில்லுங்கள். படுத்துக்கொண்டு போராடாதீர்கள்.

இனி உங்களை அதிகம் வாட்டும் விஷயத்துக்கு வருகிறேன். ஆசை அற்றுப்போன நிலையைச் சுயமுயற்சிக் குழுக்களில் ஒரு கட்டமாகச் சொல்லி, தொண்ணூறு நாட்களில் எல்லாம் திரும்பும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிறார்கள். அந்தத் தொண்ணூறுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. அந்தக் கணக்கை நம்பிய நீங்கள் தொண்ணூறாம் நாளில் திரும்பவில்லை என்றதும் நரம்பு செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அதன் பிறகு வாரத்துக்கு இருமுறை உங்களையே சோதித்துப் பார்த்துவருகிறீர்கள். தயவுசெய்து அதை இன்றே நிறுத்துங்கள். 1970இல் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற ஆய்வாளர்கள் இருவர் இதைத் தெளிவாக எழுதினார்கள்: தன் உடம்பு எழுகிறதா என்று வேடிக்கை பார்க்கிறவனாக ஒருவன் தனக்கு வெளியே நின்றுகொண்டால், அந்தப் பார்வையே எழுச்சியைக் கெடுத்துவிடும். தேர்வுக்கூடத்தில் ஆசை வராது. விடியற்காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா என்று இப்படி வருகிறவர்களிடம் நான் கேட்டால், பெரும்பாலும் 'ஆமாம், அது இருக்கிறது' என்றுதான் பதில் வரும். அப்படி இருந்தால் நரம்பும் இரத்த ஓட்டமும் தம் வேலையைச் செய்கின்றன என்று பொருள்.

உங்கள் தொழிலிலேயே இதற்கு ஒப்பு இருக்கிறது. அளவுக்கு மீறி வெட்டிய ரப்பர் மரத்தின் பட்டை மரத்துப்போய்ப் பால் வராமல் நின்றுவிட்டால், வெட்டை நிறுத்தி மரத்தைச் சும்மா விடுவீர்கள். பால் வருகிறதா என்று பார்க்கத் தினமும் கத்தியால் கீறிப் பார்ப்பீர்களா?

நரம்புத் தளர்ச்சி என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். விந்து போனால் உயிர்ச்சத்து போய்விடும் என்ற அச்சம் நம் நாட்டில் மிகப் பழையது. அந்த அச்சத்தால் வரும் சோர்வையும் உடம்புவலியையும் ஒரு நோயாகவே இந்திய மனநல மருத்துவர் விக் 1960இல் பெயரிட்டு விவரித்தார். தங்கும் விடுதியில் அறை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக வந்து லேகியம் விற்கிறவர்கள் வாழ்வது இந்த அச்சத்தால்தான். அப்படி ஒருவரிடம் ஏற்கெனவே பணம் கொடுத்திருக்கிறீர்கள். சுய இன்பத்தால் நரம்பு தளர்வதில்லை, விந்து தீர்ந்துபோவதும் இல்லை. சித்த மருத்துவத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. என் பாட்டனார் காலத்து வர்ம ஆசான்கள் எலும்பு முறிவுக்குக் கட்டிய கட்டை இன்றும் வியந்து பேசுகிறோம். விடுதி அறையில் வந்து விற்பது அந்த மருத்துவம் இல்லை. அதேபோல் கடையில் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கும், விறைப்புக்கான நீலநிற மாத்திரையும் வேண்டாம். சோதித்துப் பார்க்கும் பழக்கத்துக்கு அது இன்னொரு கருவி ஆகிவிடும்.

குற்ற உணர்வைப் பற்றி நீங்கள் நேரடியாக எழுதவில்லை என்றாலும் கடிதம் முழுவதும் அது இருக்கிறது. இரண்டு முறை தவறியதை 'எல்லாம் பாழ், மீண்டும் முதல் நாள்' என்று குறித்திருக்கிறீர்கள். ஏழு மாதத்தில் இரண்டு நாள் என்றால் இருநூறுக்கும் மேற்பட்ட நாட்களில் இரண்டு. பூஜ்யத்துக்குத் திரும்பும் கணக்கு யார் கண்டுபிடித்ததோ தெரியாது. தவறியவுடன் 'இனி என்ன' என்று முழுவதும் விழவைப்பது அந்தக் கணக்கே என்பதை மட்டும் பலரிடம் பார்த்துவிட்டேன். முதல் நாளாகக் குறிக்காமல், தவறிய நாளின் இடமும் நேரமும் மனநிலையும் என்ன என்று இரண்டு வரி எழுதுங்கள். பாவசங்கீர்த்தனம் செய்கிறவர் அதைச் செய்யட்டும், நேர்ச்சை வைக்கிறவர் வைக்கட்டும். நம்பிக்கை பலருக்குத் துணையாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். ஆனால் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்த இரவிலும் தன்னையே திட்டிக்கொண்டிருப்பவருக்கு உறக்கம் வருவதில்லை. வெறும் அறநெறி உறுத்தலால் வரும் துயரத்தை மட்டும் வைத்து இந்த நோயைத் தீர்மானிக்கக் கூடாது என்று நோய்ப்பட்டியலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

திருமணத்தைப் பற்றி. கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று வீட்டில் சொல்வார்கள், ஆகாது. ஒரு பெண்ணை உங்களுக்கு மருந்தாக்குவது அவளுக்குச் செய்யும் அநியாயம். அதேநேரம், முழுவதும் குணமான பிறகுதான் என்று ஆண்டுகளைத் தள்ளுவதும் தேவையில்லை. உறக்கமும் மனநிலையும் சீராகி ஒரு மூன்று நான்கு மாதம் போகட்டும், பெண் பார்ப்பதை அதுவரை மெதுவாக்கச் சொல்லுங்கள். காரணமாக உடல்நலம் என்று சொன்னால் அது பொய்யும் இல்லை. பின்னாளில் மனைவியிடம் சொல்ல நேர்ந்தால், என்ன பார்த்தேன் என்ற விவரம் வேண்டாம், இப்படி ஒரு பழக்கம் இருந்தது, சிகிச்சை எடுத்தேன் என்ற அளவு போதும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், நேரில் பார்க்காமல் நான் தீர்மானிக்க முடியாத ஒன்று மிச்சம் இருக்கிறது. விடியற்காலையில் மனம் மிகவும் கனப்பது, முன்பு விரும்பிய பந்து விளையாட்டில்கூட ஈடுபாடு போனது, பசி குறைந்து எடை இறங்கியது என்று நீங்கள் எழுதியிருப்பவை மனச்சோர்வு நோயின் அடையாளங்கள். அது பழக்கத்துக்கு முன்பே இருந்திருக்கலாம், தனிமையில் வளர்ந்திருக்கலாம். அது இருந்தால் தனியாக மருந்தோ பேச்சு சிகிச்சையோ தேவைப்படும், இரண்டும் நன்றாக வேலை செய்பவை. மனச்சோர்வு மாத்திரைகளில் சில பாலியல் ஆசையைக் குறைக்கும். ஆகையால் உங்கள் கவலையை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதற்கேற்ற மருந்தை அவர் தேர்ந்தெடுப்பார். தைராய்டு, இரத்தசோகை, சர்க்கரை, பி12 ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துவிடலாம். டெஸ்டோஸ்டிரோன் பார்ப்பதாக இருந்தால் காலையில் இரத்தம் கொடுக்க வேண்டும், அதுவும் நன்றாக உறங்கத் தொடங்கிய பிறகு. சாக வேண்டும் என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப்பார்த்தால், காத்திருக்காமல் அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அது 2022 முதல் இயங்கும் அரசின் இலவச மனநலத் தொலைபேசி, தமிழிலேயே பேசலாம்.

நாகர்கோவிலை அடுத்த ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஊர்க்காரர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சத்தால்தான் நீங்கள் இத்தனை மாதம் போகவில்லை என்பது எனக்குப் புரிகிறது. சீட்டுப் போடும் இடத்தில் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள், பெயரும் வயதும் பிரிவும் சொன்னால் போதும். உள்ளே போய் உட்கார்ந்ததும் 'ஏழு மாதமாக உறக்கம் இல்லை, இரவு மூன்று மணி நேரம்தான்' என்று தொடங்குங்கள். அதைச் சொல்ல யாருக்கும் வெட்கம் வராது. மற்றது அந்த ஒரு வரிக்குப் பின்னால் அவர் கேட்கும் கேள்விகளில் தானாக வந்துவிடும். வராவிட்டால் இந்தக் கடிதத்தை மடித்துக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.